சாக்பீஸ் வீடு

"சுவத்து மேல நடக்காதீங்க" என்றாள் மாஸ்டர்.

டிரைவர் ஒரு காலைத் தூக்கியபடி ஹாலின் நடுவில் அப்படியே நின்றார். காலடியில் சுவர் எதுவும் இல்லை. மொசைக் தரையில் சாக்பீஸால் இழுத்த ஒரு வெள்ளைக் கோடு இருந்தது, அவ்வளவுதான். ஆனால் மாஸ்டர் அதைச் சுவர் என்று சொல்லிவிட்டால் அது சுவர்தான். அவர் முனகிக்கொண்டே பின்வாங்கி, கோடு விட்டுப்போயிருந்த இடம் வரைக்கும் சுற்றிப்போய், அந்த வழியாக உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த இடைவெளிக்குப் பெயர் வாசற்கதவு.

இந்தக் கூத்து என்னவென்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் வயதான காலத்தில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் மறை கழன்றுவிட்டது என்றுதான் நினைக்கத் தோன்றும். எதிர்வீட்டு அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு அப்படித்தான் நினைத்தாள்.

பிள்ளைகள் வளர வளர இந்த வீடும் வளர்ந்தது. மகளுக்கு ஓர் அறை, மகனுக்கு ஓர் அறை, மேலே ஒரு மாடி என்று இழுத்துக்கொண்டே போனார்கள். பிறகு மகள் கல்யாணமாகி வேறு ஊரில் மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். மகனும் வெளியூர் போனான். அறைகள் மட்டும் எங்கேயும் போகவில்லை. தினம் பெருக்க வேண்டும், துடைக்க வேண்டும், மழை வந்தால் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க வேண்டும். யாரும் படுக்காத கட்டிலுக்கு உறை மாற்றிக்கொண்டே மிச்ச ஆயுளையும் ஓட்டுவதா? மாஸ்டருக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஒருநாள் மாடிப்படியில் வாளியோடு ஏறும்போது, பாதிப் படியில் உட்கார்ந்து முடிவெடுத்தாள். இந்த வீட்டை விற்றுவிட வேண்டும். பஸ் நிறுத்தத்துக்கு எதிரில், மூன்றாவது மாடியில், லிஃப்ட் வைத்த ஒரு படுக்கையறை பிளாட் போதும். மீதிக் காலத்தைத் துடைப்பம் இல்லாமல் கழிக்கலாம். ஒரு துடைப்பம் இருந்தாலும் சின்னதாக இருக்கும்.

அவள் முடிவெடுத்தால் வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. ஆடைத் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டராக இருந்தவள். அடுக்கி வைத்த துணியில் கத்தி இறங்கிவிட்டால் பிறகு யோசிக்க முடியாது, யோசிப்பதெல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அங்கே எல்லாரும் மாஸ்டர், மாஸ்டர் என்று கூப்பிட்டு, கட்டின புருஷனும் அதையே பிடித்துக்கொண்டார். கேலியாகத்தான் ஆரம்பித்தார். இப்போது அவசரத்துக்குக் கூட அவர் வாயில் பெயர் வருவதில்லை.

அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். சாது. ஆனால் சாதுவான ஆள் பிடிவாதம் பிடித்தால் அசைக்க முடியாது. பிளாட் பேச்சை எடுத்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"சின்னவன் வந்தா எங்க படுப்பான்?"

சின்னவன் என்பது மகன். முப்பதைத் தாண்டிவிட்டான், தலையில் இரண்டு நரையும் எட்டிப் பார்க்கிறது, ஆனாலும் சின்னவன்தான். அட்டைப்பெட்டி அச்சடிக்கிற ஒரு பிரஸ்ஸில் மெஷின் ஓட்டுகிறான். அதற்கு முன்னால் போன் கடை, அதற்கு முன்னால் கூரியர், அதற்கும் முன்னால் ஏதோ ஒன்று. கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. வேலை தெரியாதவனும் இல்லை. சாயங்காலம் அப்பாவுக்குப் போன் பண்ணுவான். மேனேஜர் ஒரு மாதிரி பேசிவிட்டான் என்பான். அப்பா இந்தப் பக்கம் கொதித்துப்போவார். "கெடக்கறான் விடு, உன் கட்டில் அப்படியே இருக்கு, வாடா" என்பார். அடுத்த பஸ்ஸில் பை வந்து இறங்கும், பின்னாடியே பையன் இறங்குவான். ஆறு மாதமோ எட்டு மாதமோ அந்தக் கட்டிலில் கிடந்து, பிறகு புதிதாக ஒரு வேலை தேடிக்கொண்டு கிளம்புவான். ஒரு தடவை அல்ல, இது வழக்கமாகவே ஆகிவிட்டது.

எனவே டிரைவரின் நிபந்தனை இதுதான். புது வீட்டில் சின்னவன் கட்டில் நிற்க வேண்டும். நின்றால் வருகிறேன், நிற்கவில்லையென்றால் நீ வேண்டுமானால் போய் இருந்துகொள்.

நிற்கும் என்றாள் மாஸ்டர். வாயால் சொன்னால் போதாது என்றார் அவர். அப்படியா சங்கதி என்று அவள் சாக்பீஸை எடுத்தாள்.

சட்டையோ வீடோ, முதலில் தாளில் வெட்டிப் பார்க்காமல் அவள் எதிலும் கை வைக்கமாட்டாள். பிளாட்டின் அளவுகளை வைத்துப் பிரவுன் தாளில் சின்னதாக வரைந்து, அறைக்கு ஒரு துண்டாக வெட்டினாள். அந்தத் துண்டுகளை அளந்து பெருக்கி, ஹாலில் இருந்த சாமான்களை எல்லாம் ஒதுக்கித் தள்ளிவிட்டு, தரையில் நிஜ அளவுக்குக் கோடு இழுத்தாள். பழைய ஹால் நீளம். பஸ்ஸையே உள்ளே கொண்டுவந்து திருப்பலாம் என்று டிரைவர் பெருமையடித்துக்கொள்வார். பிளாட் முழுவதும் அதற்குள் அடங்கிவிட்டது. படுக்கையறை, ஹால், ஒரு மேசை மேல் அடுப்பை வைத்துச் சமையலறை. குளியலறை மட்டும் விதிவிலக்கு, அதற்குப் பழைய இடத்துக்கே போய்க்கொள்ளலாம். மற்றபடி இனிமேல் கோட்டுக்கு உள்ளே இருப்பதுதான் நமது வீடு, வெளியே இருப்பது ஊரான் வீடு. மாதக் கடைசியில் பிளாட்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் இப்படியே வாழ்ந்து பார்ப்பது. ஹாலின் ஓரத்தில், ஜன்னல் பக்கமாக, சின்னவன் கட்டிலை மகாராஜா மாதிரி போட்டாகிவிட்டது.

முதல் சில நாள் சண்டையில் போயிற்று. இரண்டு பேரும் ஒரே இடத்தில் திரும்பினால் முட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அவருடைய பேப்பர்க் கட்டும் பழைய ரேடியோவும் கோட்டுக்கு வெளியே போனபோது அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் வீடியோவில் வருவாள், அது தவறாது. அம்மா போனைத் திருப்பிக் கோடுகளைக் காட்டினாள். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தன் பழைய தையல் மெஷினும் பாட்டுப் பெட்டியும் எந்த அறையில் இருக்கிறது என்று கேட்டாள். அதெல்லாம் ஊரான் வீட்டில் இருக்கிறது, இந்த மாதத்துக்குள் வந்து எடுத்துக்கொள், இல்லையென்றால் பழைய சாமான்காரன் எடுத்துக்கொள்வான் என்று அம்மா சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. அடுத்த வாரம் புருஷனையும் ஒரு வேனையும் கூட்டிக்கொண்டு வந்து, மூக்கால் அழுதுகொண்டே ஏற்றிப்போனாள். போகும்போது அம்மாவைக் கட்டிக்கொண்டு, நல்லதும்மா என்று காதில் சொல்லிவிட்டுப் போனாள்.

போகப் போக டிரைவருக்கே பிடித்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தண்ணீர்ச் சொம்பு எட்டியது. கண்ணாடியைத் தேட மாடி ஏற வேண்டியதில்லை. முழங்கால் வலி குறைந்துவிட்டது என்று தன்னை அறியாமல் சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டார். ஒரு மத்தியானம் சின்னவன் கட்டிலின் விளிம்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நிக்குது மாஸ்டர், நல்லாத்தான் நிக்குது. வர்ற வாரம் பதில் சொல்லிடலாம்" என்றார்.

மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே திரைச்சீலைக்கு அளவெடுக்க, டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டு பிளாட்டுக்குப் போனாள்.

காலி வீட்டில் ஹாலின் ஒரு சுவரில் டேப்பை வைத்து அடுத்த சுவர் வரைக்கும் இழுத்தாள். இரண்டடி குறைந்தது. டேப் மடங்கியிருக்கும் என்று மறுபடியும் இழுத்தாள். மறுபடியும் இரண்டடி. அகலத்திலும் இரண்டடி, படுக்கையறையிலும் இரண்டடி. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இங்கே வந்து பார்த்தபோது சந்தேகம் வரவில்லை, காலி அறை எப்போதும் பெரிதாகத்தான் தெரியும். அப்படியானால் தப்பு தாளில். தாளில் எப்படித் தப்பு வரும், அவள் கையால் வெட்டிய தாளில்?

அப்புறம்தான் உறைத்தது. கை வெட்டியிருக்கிறது, புத்தி வெட்டவில்லை. எந்த உருவத்தை வரைந்தாலும் அதைச் சுற்றித் தையலுக்கென்று அரை அங்குலம் விட்டு வெட்டுகிற கை. முன்பக்கம், பின்பக்கம், கைத்துண்டு, காலர் என்று வாழ்நாள் முழுக்க விட்டு வெட்டிய கை, படுக்கையறைக்கும் ஹாலுக்கும் தையல் விட்டு வெட்டிவிட்டது. தாளில் அரை அங்குலம் என்றால் தரையில் ஓரடி. நாலு பக்கமும் ஓரடி. சுவரைச் சுவரோடு வைத்துத் தைக்கப்போகிறாளாக்கும்! அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இந்த ஹாலில் அந்தக் கட்டில் நிற்காது. குறுக்கே போட்டாலும் நெடுக்கே போட்டாலும் நிற்காது.

அங்கே இருந்தபடியே மகளுக்குப் போன் பண்ணினாள். மகள் கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு, பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அப்பாகிட்ட மூச்சு விடாதம்மா. சாமான் வந்து இறங்கட்டும். கட்டில் உள்ள போகலன்னா அப்ப பாத்துக்கலாம். வந்ததுக்கப்புறம் திரும்பியா போகப்போறார்?"

நியாயமாகத்தான் பட்டது. வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில் மாஸ்டர் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். யாருக்கும் தெரியப்போவதில்லை. இறங்கியபிறகு, ஐயோ அளவு தப்பிப்போச்சே என்று கன்னத்தில் கை வைத்தால் போதும். அவர் பாவம், நம்பிவிடுவார். அதுதான் அவளை உறுத்தியது. அவள் போட்ட கோட்டை நம்பி இத்தனை நாளும் சுற்றிச் சுற்றி வாசல் வழியாக வந்தாரே மனுஷன். வேறு எதில் வேண்டுமானாலும் ஏமாற்றலாம், அளவில் ஏமாற்றுவதா? முடியாது என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்ததும் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஈரத்துணியால் கோடுகளை எல்லாம் துடைத்தாள். தாள் வேண்டாம் என்று நேராகத் தரையிலேயே டேப்பை வைத்துச் சரியான கோடு இழுத்தாள். டிரைவர் டீக்கடையிலிருந்து திரும்பியபோது வேலை முடிந்திருந்தது. சின்னவன் கட்டிலின் பாதி உள்ளே இருந்தது, பாதி சுவரைத் தாண்டி ஊரான் வீட்டில் இருந்தது.

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். எப்படித் தப்பு வந்தது, எவ்வளவு வந்தது, யாரிடமும் சொல்லாமல் இருக்கலாம் என்று நினைத்தது வரைக்கும். அவர் கட்டிலையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப வேண்டாம்" என்றார். "பேச்சு பேச்சா இருக்கணும்."

"பேச்சு பேச்சாத்தான் இருக்கு. அதனாலதான் சொன்னேன். இப்ப வேற பேச்சு பேசணும்."

"என்ன வேற பேச்சு? பெத்த புள்ளைக்குப் படுக்க இடம் இல்லாத வீடு எனக்கு வேண்டாம். உனக்கு அவன் பாரமாயிட்டான்."

அந்த வார்த்தை அவளைச் சுட்டுவிட்டது. கையிலிருந்த டேப்பைச் சுருட்டிச் சுருட்டி, சுருட்டி முடிந்தபிறகும் சுருட்டிக்கொண்டே நின்றாள். பிறகு சொன்னாள்.

"பாரமா? அவன் பையோட வந்து நிக்கிறப்பெல்லாம் உங்களுக்கு முன்னாடி ஓடிப்போய் விரிப்பு மாத்தறது யாரு? எனக்குச் சந்தோஷமா இருக்குங்க. வேலை போச்சேன்னு ஒரு நாளாவது எனக்கு அழுகை வந்துதா? வரல. வீட்ல ஒரு ஆள் கூடிச்சேன்னு இருக்கு. பெத்தவளுக்கு அப்படி இருக்கலாமா? அதான் பயமா இருக்கு. நம்ம ரெண்டு பேரும் கண்ண மூடினா அவன் எந்தக் கட்டிலுக்கு ஓடுவான்?"

கோபம் வந்தால் அவர் கத்துகிற ஜாதி இல்லை. போனை எடுத்து மகனைக் கூப்பிட்டு, லீவு நாளில் வந்து உன் அம்மாவுக்கு நீயே புத்தி சொல்லு என்று சொல்லிவிட்டு, கோட்டைத் தாண்டி மாடிக்குப் போய்விட்டார். அன்றைக்கு மாஸ்டர் சுவரைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு நாள் உம்மணாமூஞ்சியாக வீடு கிடந்தது. ஆனால் கோட்டையும் அவள் அழிக்கவில்லை. தெரியாமல் மிதித்து அழிந்த இடத்தில் மறுபடியும் இழுத்துவைத்தாள்.

சின்னவன் வந்தான். நகக்கண்ணெல்லாம் அச்சு மை. செருப்பைக் கழற்றிவிட்டு, அக்கா சொல்லியிருப்பாள் போல, கேட்காமலே வாசல் வழியாகச் சுற்றி உள்ளே வந்தான். அப்பா எல்லாவற்றையும் கொட்டினார். தன்னுடைய கட்சியை எடுத்துச் சொல்லி முடித்துவிட்டு, இனி நீ பேசு என்கிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவன் கட்டிலில் உட்காரவில்லை. அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, நகத்திலிருந்த மையைச் சுரண்டினான். மாஸ்டர் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அவன் முகத்தைப் பார்த்தால் தன் முடிவு ஆட்டம் கண்டுவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

"அப்பா, நான் சொன்னா நீங்க வருத்தப்படக் கூடாது" என்றான்.

"சொல்லுடா."

"எங்க பிரஸ்ல எல்லாருந்தான் திட்டு வாங்கறாங்க. என் பக்கத்து மெஷின்காரன் என்னைவிட அதிகமா வாங்கறான். டீ குடிச்சுட்டு மறுபடியும் வந்து மெஷினப் போடறான். எனக்கு மட்டும் ஒரு சொல் விழுந்த உடனே இந்தக் கட்டில்தான்பா கண்ணுல வருது. அப்புறம் வேலையில கை நிக்க மாட்டேங்குது. உங்களுக்குப் போன் போடறேன். நீங்க வாடான்னு சொல்லுவீங்கன்னு தெரிஞ்சுதான் போடறேன்."

டிரைவரின் முகம் சின்னப் பிள்ளையின் முகம் மாதிரி ஆகிவிட்டது. "அப்ப நான் செஞ்சது தப்பா?" என்றார்.

"தப்புன்னு சொல்லலப்பா. நீங்க கூப்பிட்டீங்க, நான் வந்தேன். ரெண்டு பேருக்கும் அது சுகமா இருந்துது. இதை நான்தான் எப்பவோ சொல்லியிருக்கணும், வாய் வரல. கட்டிலக் குடுத்துடுங்க. நான் அம்மாவையும் உங்களையும் பாக்க வருவேன். வேலையை விட்டுட்டு வரமாட்டேன், லீவு போட்டுட்டு வருவேன்."

மாஸ்டர் அடுப்பை அணைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஜெயித்த சந்தோஷம் ஒன்றும் இல்லை. ஆனாலும் முடிவு முடிவுதான். சாப்பாட்டைப் போட்டு மூன்று தட்டையும் எடுத்து வைத்தாள். டிரைவர் தலையைக் குனிந்தபடி சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து, மகன் முகத்தைப் பார்க்காமல், கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். அடுத்த பக்கத்தைச் சின்னவன் பிடித்தான். எதிர்வீட்டு அம்மாவின் தங்கை வீட்டுக்கு அது போயிற்று.

பிளாட்டுக்கு வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. சாமான்கள் எல்லாம் டேப் சொன்ன இடத்தில் சொன்னபடி நின்றன. எள் விழ இடமில்லை என்று மகள் வந்து பார்த்துவிட்டுச் சொன்னாள். எள் எதற்கு விழ வேண்டும் என்று மாஸ்டர் கேட்டாள். டிரைவர் லிஃப்டில் ஏறி இறங்கி, கீழே இருக்கிற வாட்ச்மேனைச் சிநேகம் பிடித்துவிட்டார். ஆனால் சாயங்காலம் ஆனால் போனை மடியில் வைத்துக்கொள்வார். அந்தப் பழக்கம் மட்டும் விடவில்லை.

ஒருநாள் சாயங்காலம் அது அடித்தது. அவர் எடுத்துக் காதில் வைத்ததுமே முகம் மாறியதிலிருந்து மாஸ்டருக்குப் புரிந்துவிட்டது. சின்னவன்தான். அந்தப் பக்கத்துக் குரல் அவளுக்கும் லேசாகக் கேட்டது. அச்சு இடம் மாறி ஒரு கட்டு அட்டை முழுக்க வீணாகிவிட்டதாம். மெஷின் மேல்தான் தப்பு, ஆனால் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் இவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டானாம். அதற்கப்புறம் அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது. அவன் காத்திருக்கிறான் என்று இரண்டு பேருக்குமே தெரிந்தது.

வாடா என்கிற வார்த்தை டிரைவரின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவளுக்கும்தான் வந்துவிட்டது. போனைப் பிடுங்கி நானே சொல்லிவிடுவேனோ என்று பயந்து, கையிலிருந்த துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"சரிப்பா" என்றார். "நாளைக்கு உனக்கு எந்த ஷிஃப்ட்டு?"

"காலையிலப்பா" என்றான் சின்னவன்.

"அப்ப சாப்பிட்டுட்டு நேரத்தோட படு" என்று சொல்லி, அவரே போனை வைத்தார்.